எரிந்து முடியாத விறகு

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அடுப்படியில் பழகியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: நெருப்பு நன்றாக இருந்தால் புகையவே புகையாது. புகை வருகிறதென்றால் விறகில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டுக்குச் சூடு தந்திருக்க வேண்டிய பொருள், கூரைக்கு மேலே போய் அடுத்த வீட்டுக்காரர் மூச்சில் கலக்கிறது. விரயமும் தீங்கும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. அதனால் ஒன்றைத் திருத்தினால் மற்றதும் பெருமளவு திருந்திவிடும்.

கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் மகள் வீட்டில் குளிர்காலத்தைக் கழிக்கிற எனக்கு இதைச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் அடிக்கடி வாய்க்கிறது. இந்த ஊரில் 1950களிலும் 60களிலும் கட்டிய வீடுகள் நிறைய. அவற்றை வாங்கிய நம் பிள்ளைகளுக்குக் கூடத்தில் ஒரு செங்கல் கணப்பும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. சிலர் அதற்குள் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். “ஆன்ட்டி, நீங்க ஊர்ல விறகு அடுப்புல சமைச்சவங்கதானே, இதை எப்படிப் பத்த வைக்கிறது?” என்று கேட்பார்கள். ஊரில் அம்மாவிடம் கற்றதையும், பள்ளியில் வேதியியல் பாடமாக நடத்தியதையும் சேர்த்துத்தான் பதில் சொல்வேன்.

முதலில் கணப்பையும் அடுப்பையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. திறந்த கணப்பில் தீ பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். போகும்போது அறையில் ஏற்கெனவே சூடாக இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மூடிய அடுப்பில் காற்றை அளந்து உள்ளே விடலாம். அந்த அளவு நம் கையில் இருப்பதுதான் அடுப்பின் பெருமை.

மரக்கட்டை அப்படியே பற்றி எரிந்துவிடுவதில்லை. முதலில் அதிலுள்ள ஈரம் 100 டிகிரியில் ஆவியாக வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டுமே ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் செலவாகும். அது முடியும்வரை கட்டைக்குள் சூடு ஏறாது. அதன்பின் 250, 300 டிகிரி வாக்கில் மரம் சிதைந்து வாயுக்களை வெளிவிடும். மரத்திலுள்ள வெப்பத்தில் பாதிக்கு மேல் இந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுதாக எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், போதிய காற்று வேண்டும், அடுப்புக்குள் கொஞ்ச நேரம் தங்கவும் வேண்டும். இதில் எது குறைந்தாலும் வாயு எரியாமல் புகையாகவும் தாராகவும் வெளியேறும். கடைசியில் மிஞ்சும் கரி, கங்காகக் கனிந்து புகையில்லாமல் எரிந்து தீரும்.

ஆகவே விறகு காய்ந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கும்பகோணத்தில் விறகுத் தொட்டிக்குப் போனால் அம்மா இரண்டு சவுக்குக் கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாள். கணீரென்று கேட்டால் எடுத்துக்கொள்வாள், சொத்தென்று கேட்டால் வைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்த விறகும் உடனே அடுப்புக்குப் போகாது. அடுப்புக்கு மேலே இருந்த பரணில் ஏறி, அடுப்புச் சூட்டிலேயே இன்னும் காயும். இங்கே அதே வேலைக்கு ஈரமானி என்று கைக்கடக்கமான ஒரு கருவி, கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. கட்டையின் வெளிப்புறத்தில் அதைக் குத்திப் பார்த்துப் பயனில்லை. ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தில் குத்த வேண்டும். 20 சதவிகிதத்துக்குக் கீழே காட்டினால் அடுப்புக்கு ஏற்ற விறகு. அப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் பாதி வரைக்கும்கூட நீர் இருக்கலாம் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த அளவின் அருமை புரியும்.

மரத்தைப் பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து வைத்தால் குறைந்தது ஆறு மாதத்தில் காயும். ஓக் மரத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். இங்கே யூகலிப்டஸ் கட்டை சும்மாவே கிடைக்கும். 1843-ல் நீலகிரிக்கு வந்து, பின்னாளில் ஊட்டியின் விறகுத் தேவைக்காகவே தோப்புத் தோப்பாக வளர்க்கப்பட்ட அதே மரம், 1850களில் கலிபோர்னியாவுக்கும் வந்து சேர்ந்தது. நல்ல சூடு தரும் மரம்தான். ஆனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்தபின் கோடாலிக்கு மசியாது. பிளக்காமல் முழுக்கட்டையாக வைத்தால் உள் ஈரம் லேசில் போகாது.

பற்ற வைக்கும் முறையில் நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் சுள்ளியைக் கீழே வைத்துக் கட்டையை மேலே வைப்போம். இந்த அடுப்பில் பெரிய கட்டைகளைக் கீழேயும், விரல் தடிமனுள்ள சிராய்களை அவற்றின் மேலும், காகிதத்தை எல்லாவற்றுக்கும் உச்சியிலும் வைத்து மேலிருந்து கொளுத்துவது நல்லது. கீழ்க்கட்டை சூடாகி விடும் வாயு, மேலே எரிகிற சுவாலைக்குள் புகுந்து எரிந்துவிடும். தலைகீழாக இருக்கிறதே என்று முதலில் நம்பிக்கை வராது. ஒருமுறை செய்து பார்த்தவர்கள் பழைய முறைக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை. புகைபோக்கி சில்லென்று இருந்தால் புகை அறைக்குள் திரும்பும். அதனால் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி, குழாயின் வாயருகே சற்றுப் பிடித்துச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் பதினைந்து, இருபது நிமிடம் காற்றுத் துவாரம் முழுக்கத் திறந்திருக்கட்டும். பிறகு சுவாலையைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மஞ்சளாக, துள்ளலோடு எரிந்தால் சரி. மந்தமாகி, செம்மை ஏறி, நுனியில் கருத்தால் காற்றுப் போதவில்லை. கண்ணாடி கருத்துக்கொண்டே வந்தாலும் அதே பொருள்தான். குழாயில் ஒட்டும் வெப்பமானி வைத்தால், அதன் மேற்பரப்பு சுமார் 120-க்கும் 240 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் நிற்கப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட நல்ல சோதனை, கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போய் நம் கூரையை நிமிர்ந்து பார்ப்பது. தீ நிலைத்த பிறகு புகைபோக்கிக்கு மேலே சூட்டில் காற்று நெளிவது மட்டும் தெரிய வேண்டும். நீலமோ சாம்பல் நிறமோ தெரிந்தால் உள்ளே போய்க் காற்றைத் திறந்துவிடுங்கள்.

இரவு படுக்கப் போகும்போது அடுப்பு நிறையக் கட்டைகளைத் திணித்து, விடியும்வரை கனன்றுகொண்டிருக்கட்டும் என்று காற்றை முழுக்க அடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காற்றில்லாமல் புழுங்கும் விறகு, இரவு முழுக்கப் புகையை மட்டுமே தயாரிக்கும். அதிலுள்ள தார், குழாயின் உட்சுவரில் கிரியோசோட் என்ற படிவாக ஒட்டி, ஒருநாள் தானே தீப்பிடிக்கும். வீட்டையே கொண்டுபோகக்கூடிய தீ அது. கொஞ்சமாக, சூடாக எரியவிட்டு, தணல் தணிந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதுதான் முறை. வருஷத்துக்கு ஒருமுறை ஆளை வைத்துக் குழாயைத் துடைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கண்டிப்பாக வேண்டும், கணப்புள்ள தனி வீடுகளுக்குக் கலிபோர்னியாவில் 2011 முதல் அது சட்டப்படியும் கட்டாயம். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் எடுத்து, வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பரிசுப்பொருள் சுற்றிய பளபளப்புக் காகிதம், பிளாஸ்டிக் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனால் இதில் முக்கால்வாசி அறிந்திருந்த என் அம்மா, வயதான காலத்தில் இருமலோடுதான் வாழ்ந்தாள். காய்ந்த விறகு, அளவான சுள்ளி, ஊதாங்குழல் பதம் எல்லாம் அவள் கைக்குள் இருந்தன. அவளுடைய கொடி அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. கைப்பக்குவம் புகையைக் குறைக்கும், இல்லாமல் செய்துவிடாது. மிஞ்சியதை அவள் நெஞ்சு வாங்கிக்கொண்டது. ஹைதராபாத்தில் பொறியாளராக இருந்த எஸ்.பி. ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து, கோடிக்கணக்கான அடுப்படிகளைப் புகையில்லாமல் ஆக்கலாம் என்று புத்தகமே எழுதினார். 1953-ல் அது வெளிவந்தது நம் சென்னையில். எங்கள் தெருவுக்கு அந்த அடுப்பு வந்து சேரவில்லை.

நான் இப்போது இருக்கும் இடத்திலிருந்து வெகு தொலைவில் இல்லாத, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிர்க் ஸ்மித் என்ற பேராசிரியர் இருந்தார். 1980களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களில் அடுப்படிக் காற்றை அளந்து, சமைக்கும் பெண்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்பதை எண்களாக உலகத்தின் முன் வைத்தவர். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியை கல்பனா பாலகிருஷ்ணன் அவரோடு சேர்ந்து தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளிலேயே இதை அளந்தார். நல்ல விறகு அடுப்புகளைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஸ்மித், பிற்காலத்தில் ஏழை வீடுகளுக்கும் எரிவாயுவையும் மின்சாரத்தையும் கொண்டுபோவதுதான் வழி என்று வாதாடினார். 2020-ல் அவர் மறைந்தார். அம்மாவின் இருமலைப் பொருட்படுத்தி அளந்து பார்க்க இந்த உலகத்தில் ஆட்கள் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

புகைபோக்கி நம் அடுப்படியைக் காப்பாற்றும், உண்மை. அது புகையை அழிப்பதில்லை, வெளியே கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவுதான். வெளியே என்பது யாருடைய இடம் என்ற கேள்விக்குத்தான் இந்த ஊர் எனக்கு விடை சொன்னது. சான்டா கிளாரா ஒரு பள்ளத்தாக்கு. மேற்கே சான்டா குரூஸ் மலைகள், கிழக்கே டயாப்லோ மலைத்தொடர். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்து காற்றடங்கிய இரவுகளில் தரையருகே குளிர்ந்த காற்றும் அதன் மேலே வெதுவெதுப்பான காற்றும் படுத்துக்கொள்ள, பள்ளத்தாக்குக்கு மூடி போட்டதுபோல் ஆகிவிடும். ஒவ்வொரு வீட்டுப் புகையும் கீழேயே தங்கும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதவை, ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியே உள்ளே வந்து நுரையீரலின் ஆழம்வரை போகும்.

குளிர்காலத்துக் காற்று மாசில் மிகப் பெரிய பங்கு விறகுப் புகையினுடையது என்று இந்த வட்டாரத்தின் காற்றுத் தரத்தைக் கவனிக்கும் பே ஏரியா ஏர் டிஸ்ட்ரிக்ட் சொல்கிறது. 2008-ல் அது ஒரு விதி கொண்டுவந்தது: ‘ஸ்பேர் தி ஏர்’ எச்சரிக்கை அறிவித்த நாளில் விறகு எரிக்கக் கூடாது. முதல் தடவை மீறினால் 100 டாலர் அபராதம் அல்லது ஒரு விழிப்புணர்வு வகுப்பு, மறுபடி மீறினால் 500 டாலர். 2016 நவம்பர் முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் விறகுக் கணப்பே வைக்க முடியாது. நாட்டளவில் 2020 மே மாதத்திலிருந்து விற்கும் புது அடுப்புகளுக்கு மணிக்கு 2 கிராம் துகள் அளவே பொதுவான வரம்பு. சான்று பெறாத பழைய அடுப்புகள் 15 முதல் 30 கிராம் வரை கக்குபவை. பழைய அடுப்போடு வீடு வாங்கியவர்கள் அதன் முதுகில் சான்றுத் தகடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

“என் வீட்டில் நான் தீ மூட்ட ஊரிடம் அனுமதி கேட்க வேண்டுமா?” என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். கேட்கத்தான் வேண்டும் தம்பி என்றேன். 2018 நவம்பரில் காட்டுத்தீயில் பாரடைஸ் நகரம் எரிந்தபோது 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த புகை இங்கே பள்ளிக்கூடங்களை மூட வைத்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு 2019-ல் எச்சரிக்கை விதியை வருஷம் முழுவதற்கும் நீட்டித்தார்கள். 2020-ல் இரண்டு பக்க மலைகளும் எரிந்து, தொடர்ந்து 30 நாள் எச்சரிக்கை நீடித்தது. தூரத்துக் காட்டின் புகைக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டோம், அரசாங்கத்தைக் குறை சொன்னோம். பக்கத்து வீட்டில் இன்ஹேலரோடு தூங்கும் குழந்தைக்கு நம் புகைபோக்கிதான் அந்தக் காடு.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. எச்சரிக்கை வருவது பெரும்பாலும் காற்றடங்கிய இரவுகளில். மழையும் காற்றுமாக அடிக்கும் இரவில் புகை தங்காது, புகைபோக்கியும் நன்றாக இழுக்கும். கரண்ட் போய் வீடு குளிர்ந்து கிடப்பதும் அநேகமாக அதே இரவுகளில்தான். மலைப்பக்கத்தில் விறகைத் தவிர வேறு சூடு இல்லாத வீடுகளுக்கு, சான்று பெற்ற அடுப்பைப் பதிவு செய்திருந்தால் விதிவிலக்கும் உண்டு. அந்தக் குடும்பங்கள் குளிரில் நடுங்க வேண்டியதில்லை. சுவரில் பொத்தானைத் தட்டினால் சூடு வரும் வீட்டுக்காரர்கள், அழகுக்காக மூட்டும் தீயை ஒரு நாள் தள்ளிப் போடலாம்.

நம் பண்டிகையும் சரியாக இந்தப் பருவத்தில்தான் வருகிறது. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே தடுமாறிப்போயின. பழையதைத் தெருவில் கொளுத்தும் அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று எல்லாக் குடும்பங்களிடமும் சொல்லிவிட்டேன். பழைய துணி தானத்துக்குப் போகட்டும், பழைய பாய் குப்பை வண்டிக்குப் போகட்டும். பொங்கல் பானைக்காகக் கொல்லையில் விறகு மூட்ட ஆசைப்படுகிறவர்கள் உண்டு, எனக்கும் அந்த ஆசை உண்டு. சமையலுக்கு மூட்டும் தீ விதிக்குள் வருமா வராதா என்ற வாதத்துக்குள் நான் போவதில்லை. மூச்சுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எச்சரிக்கை முந்தின நாளே வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை இல்லையென்றால் கட்டைவிரல் தடிமனுக்குப் பிளந்த காய்ந்த விறகு ஒரு கட்டு போதும், பானை பொங்கும்வரை மட்டும் எரியட்டும். எச்சரிக்கை இருந்தால் பானை கேஸ் அடுப்பில் ஏறட்டும். பால் அங்கேயும் பொங்கும்.