வீதியோரத்து வாசல்கள்

ஒருவர் எதனைப் படம் பிடிக்கின்றார் என்பதைக் கொண்டு, அவர் எதனை மதிக்கின்றார் என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம். கோயிற் கோபுரத்தையும் அருவியையும் மணமக்களையும் படம் பிடிப்பவர் பலர். பெற்றோல் நிரப்பு நிலையத்தையும், முடிதிருத்தகத்தின் பெயர்ப்பலகையையும், சிற்றூரொன்றின் பழைய சினிமாக் கொட்டகையையும் படம் பிடிப்பதற்காகவே ஒருவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு பெருநாட்டின் வீதிகளிற் காரோட்டித் திரிந்தார் என்றால், அவரைப் பித்தர் என்றே நம்மிற் பலர் கொள்வர். ஜோன் மார்கோலீஸ் என்னும் அமெரிக்கர் அவ்வாறு திரிந்தவர். 1940இல் பிறந்து 2016இல் மறைந்த இவர், 1969 தொடக்கம் 2008 வரை எடுத்த படங்களுள் 11,710 நிறப்படங்கள் இன்று ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்திற் பேணப்படுகின்றன. எவரும் தடையின்றிப் பார்க்கவும் பயன்படுத்தவும் அவை திறந்துவிடப்பட்டுள்ளன. அமெரிக்க மண்ணை மிதித்தறியாத நான், நூலகக் கணினியொன்றின் முன் இருந்து, கடந்த விடுமுறையின் மாலைகள் பலவற்றை இப்படங்களுடன் கழித்தேன். அவை என்னுள் எழுப்பிய சில எண்ணங்களே இக்கட்டுரை.

இப்படங்களிற் காணப்படுவன முதற்பார்வையில் நகைப்பைத் தருகின்றன. நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டில், வாத்து வளர்த்த ஒருவர் 1931இல் வாத்தின் வடிவிலேயே ஒரு கடையைக் கட்டுவித்தார். வாத்தின் நெஞ்சிலே கதவு. உள்ளே வாத்திறைச்சியும் முட்டையும் விற்பனை. அதன் கண்கள் போர்ட் காரொன்றின் பின்விளக்குகள். ஒக்லகோமா மாநிலத்தில், கணவர் ஒருவர் தம் மனைவிக்கு மணநாட் பரிசாகக் குளமொன்றின் கரையில் நீலத் திமிங்கிலம் ஒன்றைக் கொங்கிறீற்றினாற் கட்டினார். தென் டக்கோற்றா மாநிலத்தின் வோல் என்னும் சிற்றூரிலே, வணிகமின்றி வாடிய மருந்துக்கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும், 1936இல், குளிர்ந்த நீர் இலவசம் என்று எழுதிய பலகைகளை வீதியில் நாட்டினர். கோடை வெயிலில் வறண்ட சமவெளியைக் கடந்து வந்த பயணிகள் நீருக்காக நின்றனர். நின்றவர்கள் பொருளும் வாங்கினர். சிறு மருந்துக்கடை பெரும் வணிக நிலையமாயிற்று.

சற்று ஆழ்ந்து நோக்கின் இவ்விசித்திரங்களுக்குத் தக்க காரணம் உண்டென்பது புலனாகும். நடந்து செல்பவனுக்குச் சிறிய பலகை போதும். அவன் நின்று வாசிப்பான். காரில் விரைபவனுக்கோ கடையொன்றைக் காண்பதற்குக் கிடைப்பது சில கணங்களே. அக்கணங்களுள் அவன் கண்ணைக் கவர்ந்து, அவன் மனத்தில் ஐயத்தை எழுப்பி, பின்னிருக்கையிலுள்ள பிள்ளைகளைக் கூச்சலிடச் செய்து, வண்டியை நிறுத்துவிக்க வேண்டும். 1908இல் வெளிவந்த போர்ட்டின் 'மொடல் ரீ' கார் நடுத்தரக் குடும்பங்களையும் வீதிக்குக் கொணர்ந்தது. 1926இல் அமெரிக்க நெடுஞ்சாலைகள் எண்ணிடப்பட்டன. அவற்றுள் 66ஆம் இலக்கச் சாலை சிக்காகோவிலிருந்து கலிபோர்ணியா வரை ஏறத்தாழ 2,400 மைல் நீண்டு, நூற்றுக்கணக்கான சிற்றூர்களின் பிரதான வீதியாகவும் அமைந்தது. அவ்வூர்களில் உணவுச்சாலையும் விடுதியும் நடத்திய எளிய மக்களுக்குப் பெருநிறுவனங்களின் விளம்பரப் பணம் இல்லை. ஆகவே சீமெந்தையும் தகரத்தையும் தம் கற்பனையையும் முதலாக இட்டனர். அந்த வாத்தும் திமிங்கிலமும் ஏழை வணிகனின் உரத்த குரல்கள் எனலாம்.

அக்குரல்களை அடக்கியதும் வீதியே. 1956இல் ஜனாதிபதி ஐசனோவர் கைச்சாத்திட்ட சட்டத்தின்படி 41,000 மைல் நீளமான புதிய அதிவேகப் பாதைகள் திட்டமிடப்பட்டன. அவை சிற்றூர்களினூடாகச் செல்லாது அவற்றை ஒதுக்கிச் சென்றன. குறிப்பிட்ட வாயில்களின் வழியேயன்றி அவற்றில் ஏறவோ இறங்கவோ இயலாது. வாயில்களின் அருகே நாடெங்கும் ஒரே முகங்கொண்ட விடுதிகளும் உணவகங்களும் எழுந்தன. 66ஆம் இலக்கச் சாலை 1985இல் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. வாடிக்கையாளரை எதிர்பார்த்துப் பழைய வீதியில் விளக்கேற்றி வைத்திருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக விளக்கை அணைத்தனர்.

மார்கோலீஸ் இவ்வழிவுடன் போட்டியிட்டுக் காரோட்டியவர். ஒளியுணர்வு குறைந்த, ஆயின் நிறத்தைச் செறிவாகக் காட்டும் படச்சுருளையே அவர் விரும்பினார். முகிலற்ற காலை வேளையிற் கட்டிடத்தின் நேர் எதிரே நின்று படம் பிடித்தார். மனிதரும் வாகனங்களும் படத்துள் வராதவாறு காத்திருந்தார். முன்றிலிற் கிடந்த குப்பையைத் தாமே பொறுக்கி அகற்றியதும் உண்டு. அரசர் அரண்மனைக்குக் கொடுக்கும் மரியாதையை அவர் பொரித்த கோழி விற்கும் கடைக்குக் கொடுத்தார்.

இம்மரியாதை என் நெஞ்சைத் தொடுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் ஏ-9 வீதியையொட்டிய ஒரு சிறு சந்தி. அங்கே அப்பப்பா தேநீர்க்கடை நடத்தினார். போரின் இறுதிக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. திரும்பி வந்தபோது கடையின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் இல்லை. எஞ்சி நின்ற முகப்பு, பின்னர் வீதி அகலிக்கப்பட்டபோது இடித்து அகற்றப்பட்டது. அகன்ற வீதியால் ஊருக்கு நன்மை உண்டு. அவ்வீதி வழியாகவே நானும் பல்கலைக்கழகம் வந்தேன். எனினும், கடையின் பெயர்ப்பலகை நீலமா பச்சையா என்பது பற்றி அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இன்றும் வழக்கு நடக்கின்றது. தீர்ப்பளிக்க ஒரு படமும் இல்லை. ஏன் ஒருவரும் படம் எடுக்கவில்லை என்று ஒருமுறை அப்பம்மாவைக் கேட்டேன். "கடையை ஆர் மோனை படமெடுக்கிறது? கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்தானே படமெடுக்கிறது" என்றார். நாள்தோறும் கண்ணிற் படுவது என்றும் இருக்கும் என்ற நம்பிக்கையே அவ்விடையின் உட்பொருள்.

அமெரிக்காவிலும் கற்றோர் பலர் வீதியோரத்தைப் படத்துக்குரியதாகக் கருதவில்லை. கருதியோருட் சிலர் அதனை இழித்துரைப்பதற்காகவே படம் பிடித்தனர். கட்டிடக்கலை விமரிசகர் பீற்றர் பிளேக் 1964இல் வெளியிட்ட நூலில், நாட்டின் அழகைக் கெடுக்கும் குப்பைக்கு எடுத்துக்காட்டாக அந்த லோங் ஐலண்ட் வாத்தையும் சேர்த்துக்கொண்டார். எட்டு ஆண்டுகளின் பின், 1972இல், றொபேட் வெஞ்சூரியும் டெனிஸ் ஸ்கொற் பிறவுணும் ஸ்ரீவன் ஐசனவரும் லாஸ் வேகாஸ் நகரைப் பற்றி எழுதிய நூலில் அதே வாத்தை ஆராய்ச்சிப் பொருளாக்கினர். தன் வடிவத்தாலேயே தன்னை அறிவிக்கும் கட்டிடங்கள் யாவற்றுக்கும் 'வாத்து' என்பதே பெயராயிற்று. வாத்து மாறவில்லை, பார்த்த கண்களே மாறின. நியூ ஜேர்சி மாநிலத்துக் கடற்கரையில் 1881இல், மோட்டார் வண்டிகள் பரவுமுன்பே, காணி விற்பனைக்கு ஆள் சேர்ப்பதற்காகக் கட்டப்பட்ட 'லூசி' என்னும் ஆறுமாடி யானையும் இதற்குச் சான்று. இடிபடவிருந்த அதனை ஊர்மக்கள் நிதி திரட்டி 1970இல் வேறிடத்துக்கு நகர்த்திக் காத்தனர். 1976இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

இங்கு ஸ்ரீபன் ஷோர் என்னும் புகைப்படக் கலைஞரின் ஒரு செயலையும் நினைவுகூரலாம். 1971இல் ரெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகரின் மிகச் சாதாரணமான இடங்களைப் படம் பிடித்து, அவற்றை அஞ்சலட்டைகளாக அச்சிடுவித்தார். விற்பனையாகாத அட்டைகளைத் தாம் செல்லும் ஊர்களிலெல்லாம், கடைகளின் அஞ்சலட்டைத் தட்டுகளிற் சத்தமின்றிச் செருகிவிட்டுச் சென்றார். அவற்றை வாங்கியோர் யாரோ, எவருக்கு அனுப்பினரோ, அறியோம். காணத்தக்கது இது, அல்லாதது அது என்ற பிரிவினையின் மீது அவர் செய்த இனிய குறும்பு அது.

ஆயினும், மார்கோலீஸின் படங்களை நூற்றுக்கணக்கிற் பார்த்தபின் ஒரு வெறுமை உறுத்துகின்றது. காலை வெயிலிற் பளபளக்கும் விடுதி. திறந்திருப்பதுபோலத் தோன்றும் கதவு. உள்ளே இடமுண்டு என்னும் பலகை. ஆள் மட்டும் இல்லை. அப்பலகை யாரை அழைத்தது? இவ்விடுதிகளுட் பல கட்டப்பட்ட காலத்தில், கறுப்பினக் குடும்பம் ஒன்று அவ்வாசலில் வந்து நின்றிருப்பின், இடமுண்டு என்ற பலகையின் கீழேயே இடமில்லை என்ற விடையைப் பெற்றிருக்கக் கூடும். எங்கு உண்ணலாம், எங்கு உறங்கலாம், எந்த நிலையத்திற் பெற்றோல் நிரப்பலாம் என்பதை அறிவதற்கு அம்மக்களுக்குத் தனி வழிகாட்டி நூல் தேவைப்பட்டது. ஹார்லெமைச் சேர்ந்த தபாற்காரரான விக்டர் ஹியூகோ கிறீன் 1936இல் அந்நூலைத் தொடங்கினார். அது 1960களின் நடுப்பகுதி வரை வெளிவந்தது. பிறருக்கு விளையாட்டாயிருந்த வீதி இவர்களுக்கு ஒவ்வொரு மாலையிலும் ஒரு சோதனை. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டமே பொது விடுதிகளின் கதவுகளைச் சட்டப்படி இவர்களுக்குத் திறந்தது.

மார்கோலீஸ் ஒதுக்கிய மனிதரைத் தேடிப் படம் பிடித்தவர் சுவிற்சர்லாந்திற் பிறந்த றொபேட் பிராங். 1955இல் கிடைத்த கூகன்ஹைம் நிதியுதவியுடன் அவர் பழைய காரொன்றில் நாடெங்கும் சுற்றி, ஏறத்தாழ 27,000 படங்களை எடுத்து, அவற்றுள் 83ஐ மட்டும் தெரிந்து நூலாக்கினார். அந்நூல் 1958இல் பாரிசிலும் 1959இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரத் தெருவண்டியொன்றின் யன்னல்களை அவர் 1955இல் எடுத்த படம் புகழ்பெற்றது: முன் யன்னல்களில் வெள்ளையர், பின் யன்னல்களிற் கறுப்பினத்தவர். விளக்கவுரை எதுவும் வேண்டியதில்லை. அதே பயணத்தில் ஆர்கன்சோ மாநிலத்தில், அந்நியர் என்ற ஐயத்தின் பேரில், பொலிசார் அவரைப் பல மணிநேரம் சிறைவைத்தனர். வீதி எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதை அவர் படத்தாலும் பட்டறிவாலும் உணர்ந்தார்.

எனில், பிராங்கை உயர்த்தி மார்கோலீஸைத் தாழ்த்துவது முறையாகுமா? ஆகாது என்பதே என் துணிபு. ஒருவர் மனிதரின் முகத்தைக் காத்தார்; மற்றவர் அம்மனிதர் கட்டியெழுப்பிய முகப்பைக் காத்தார். முகப்பு மட்டும் எஞ்சினால் வரலாறு வெறும் இனிமையாகிவிடும். முகம் மட்டும் எஞ்சினால் அம்முகம் எந்த வாசலில் நின்று வாடியது என்பது தெரியாமற் போகும். இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்பதே பின்வந்தோரின் கடன். ஆளில்லாத அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வாசலினுட் புகுந்தவர் யார், திருப்பி அனுப்பப்பட்டவர் யார் என்று நாம் கேட்க வேண்டும். அக்கேள்வியைக் கேட்பதற்கேனும் வாசல் ஒன்று நம் கண்முன் இருத்தல் வேண்டும். அவ்வாசலை நமக்கு விட்டுச் சென்றவரைப் பித்தர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.