கண்ணை விடு, கையைப் பிடி

கேமரா வாங்கப்போகும் ஜூனியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்ணா?" இரண்டாவது கேள்வி, "ஐ-ஆட்டோஃபோகஸ் இருக்காண்ணா?" முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிடலாம்: இன்றைக்குக் கடையில் இருக்கும் எந்தக் கேமராவை எடுத்தாலும் நம்ம தேவைக்கு மேலேயே இருக்கும். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. பதிலைச் சொல்ல உங்களை லேபுக்குக் கூப்பிடப் போவதில்லை, பழவேற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

பொன்னேரி வரை புறநகர் ரயில், அங்கிருந்து பஸ். போட்டோகிராபி கிளப் ஆட்கள் குளிர்காலத்தில் இந்த ரூட்டில் அடிக்கடி போவார்கள். பழவேற்காடு ஏரி என்று பெயர்தான் ஏரி. உண்மையில் அது கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்முனை மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. நமக்கு அது ராக்கெட் விடும் இடம். இங்கே வலை போடுகிறவர்களுக்கு அது ஏரியின் அக்கரை. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சமும் அவர்களுடைய பழைய கல்லறைகளும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன.

ஆனால் இந்த ஊரைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் கோட்டையை விட முக்கியமாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 'பாடு' முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒரே ஆளுக்கே போய்விடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. எங்கே கவனம் வைக்க வேண்டும் என்பதை இயந்திரம் முடிவு செய்யும் ஒரு கருவியோடு, எங்கே வலை வைக்க வேண்டும் என்பதை மனிதர்கள் பேசி முடிவு செய்யும் ஓர் ஊருக்குப் போகிறோம். இதை மனசில் வைத்துக்கொண்டு வாங்க.

முதலில் கொஞ்சம் தியரி. பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.

கையை நீட்டி ஒரு விரலைத் தூக்கிப் பிடியுங்கள். இடது கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தெரியும். எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்து விரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஃபேஸ் டிடெக்‌ஷன் ஆட்டோஃபோகஸ் செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். லென்ஸின் ஒரு பாதி வழியே வரும் ஒளியையும் மறு பாதி வழியே வரும் ஒளியையும் தனித்தனியாக வாங்கி, இரண்டு உருவமும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அளக்கும். லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இந்த வேலைக்குக் கண்ணாடிக்குக் கீழே தனியாக ஒரு சென்சார் இருந்தது. மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே கிடையாது என்பதால், படம் பிடிக்கும் சென்சாரே இந்த வேலையையும் செய்ய வேண்டியதாயிற்று. ஆரம்பகால மிரர்லெஸ் கேமராக்கள் கான்ட்ராஸ்ட் முறையை நம்பின. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதைப் போல: திருப்பு, தெளிவாகிறதா, இன்னும் திருப்பு, தாண்டிப் போச்சா, திரும்பி வா. துல்லியமாக இருக்கும், ஆனால் ஓடும் பொருளுக்கு ஒத்து வராது. பிறகு சென்சாருக்குள்ளேயே ஃபேஸ் டிடெக்‌ஷன் பிக்சல்களை வைத்தார்கள். 2013-இல் வந்த கேனன் 70டி-யில் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்தே இதைச் செய்தார்கள். (அது டிஎஸ்எல்ஆர்தான், ஆனால் அந்த உத்திதான் பின்னால் அவர்களுடைய மிரர்லெஸ்ஸுக்கு அஸ்திவாரம்.) பானாசோனிக் கான்ட்ராஸ்ட் பக்கமே நின்று, 2023-இல் எஸ்5 இரண்டாம் மாடலில்தான் கட்சி மாறியது.

இப்போ ஏரிக்கு வருவோம். தியரி எங்கே இடிக்கும் என்று பாருங்கள்.

முதல் இடி: கிடைக்கோடு. பல மிரர்லெஸ் சென்சார்கள் இடது பாதி, வலது பாதி என்று மட்டும்தான் ஒப்பிடும். நிமிர்ந்து நிற்கும் கோடு பக்கவாட்டில் நகர்ந்தால் தெரியும். படுத்திருக்கும் கோடு பக்கவாட்டில் நகர்ந்தால்? நகர்ந்த மாதிரியே தெரியாது. பழவேற்காட்டில் கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் படுத்த கோடுதான்: தொடுவானம், அலை, படகின் விளிம்பு, மணல் திட்டு. காலை மூட்டத்தில் தூரத்துப் படகின் மேல் கட்டத்தை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தடுமாறுவதைப் பார்க்கலாம். வழி எளிது. கேமராவைச் சாய்த்துப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு மறுபடி நேராக்குங்கள். அல்லது நிமிர்ந்து நிற்கும் எதையாவது பிடியுங்கள். வலை கட்டிய கம்பு, படகோட்டி ஊன்றும் கழி, எதுவானாலும் சரி. 2022-இல் வந்த ஓஎம்-1 போன்ற சில கேமராக்களில் இரண்டு திசையிலும் அளக்கும் பிக்சல்கள் உண்டு. அவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது இடி: வலை. ஒருவர் வீச்சு வலையைச் சுழற்றி எறிகிறார். அவர் முகம்தான் உங்களுக்கு வேண்டும். வலை விரிந்து முகத்துக்கு முன்னால் வந்த அடுத்த நொடி, கேமரா வலைக்குத் தாவிவிடும். பக்கத்தில் இருப்பதும் கோடு கோடாக இருப்பதும் அதற்கு விருந்து. இங்கேதான் நிறையப் பேர் திறந்தே பார்க்காத ஒரு செட்டிங் உதவும். 'குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு சீக்கிரம் மனசு மாற வேண்டும்' என்று கேமராவுக்குச் சொல்லும் செட்டிங் அது. கேனனில் டிராக்கிங் சென்சிட்டிவிட்டி, நிக்கானில் பிளாக்டு ஷாட் ரெஸ்பான்ஸ். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அதை 'பிடித்ததை விடாதே' என்ற பக்கம் தள்ளிவிடுங்கள். கூடவே ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். கட்டைவிரல் அழுத்தினால் ஃபோகஸ் தொடரும், விட்டால் நிற்கும். வலை வருகிறது என்று தெரிந்ததும் கட்டைவிரலை எடுத்துவிடலாம்.

மூன்றாவது இடி: பூநாரை. குளிர்காலத்தில் இந்த ஏரிக்கு ஆயிரக்கணக்கில் வரும். பறவையின் கண்ணைப் பிடிக்கும் கேமரா இப்போது நிறைய இருக்கிறது. ஆனால் வெயில் ஏறியதும் தண்ணீர் மேல் காற்று நெளியும். தூரத்தில் நிற்கும் பறவையின் மேல் பச்சைக் கட்டம் கச்சிதமாக உட்காரும். வீட்டுக்கு வந்து திறந்தால் பறவை கானல் நீரில் கரைந்திருக்கும். அது ஃபோகஸ் பிரச்சினை இல்லை, இயற்பியல். எந்த ஃபர்ம்வேர் அப்டேட்டும் அதைச் சரி செய்யாது. விடியற்காலையில் போங்க. கிட்டப் போனால் நன்றாக வரும் என்று படகுக்காரரை நெருக்காதீங்க. கூட்டம் கலைந்து பறக்கும் படம் அழகுதான். ஆனால் இரை தேடிக்கொண்டிருந்த பறவையை விரட்டி எடுத்த அழகு அது.

இதுவரை சொன்னதெல்லாம் பட்டன் விஷயம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது நாலாவது விஷயத்துக்காக.

ஏரியின் ஆழம் குறைந்த பகுதிகளில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதை நீங்கள் பார்க்கலாம். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைக்கூடை. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. முழுக்க விரல்தான் பார்க்கிறது.

அப்படி வேலை முடித்துக் கரையில் உட்கார்ந்து கூடையைக் கொட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், "படம் எடுக்கலாமாக்கா?" என்று கேட்டேன். என்னை ஒரு தடவை, கேமராவை ஒரு தடவை பார்த்தார்.

"மூஞ்சி வேணாம் தம்பி. முன்னாடி ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு. எங்கயோ போட்டு, பாவப்பட்ட ஜனம்னு எழுதி வெச்சிருந்தாங்களாம். எம்பொண்ணு போன்ல பார்த்துட்டு ரெண்டு நாளு ஸ்கூலுக்குப் போகல. கையை வேணா எடுத்துக்கோ. அதுதானே வேலை செய்யுது."

சரிக்கா என்று உட்கார்ந்தேன். கையைச் சட்டகத்துக்குள் வைத்தேன். பின்னால், சட்டகத்தின் ஓரத்தில் முகம் கொஞ்சம் மங்கலாக வருகிறது. அவ்வளவுதான், கட்டம் ஒரே தாவலில் கண்ணுக்குப் போய்விட்டது. கைக்கு இழுத்தால் மறுபடி கண். அந்தக் கேமராவின் மேல் குற்றம் சொல்ல முடியாது. கண் எங்கே இருந்தாலும் கண்டுபிடி என்று சொல்லித்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். மெனுவில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள்: மனிதர், விலங்கு, பறவை, கார், ரயில், விமானம், சில மாடல்களில் பூச்சிகூட உண்டு. நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் 'கை' இல்லை.

எங்கள் கிளப் கேமராவில் கண் தேடுவதை நிறுத்தும் ஸ்விட்ச் மெனுவுக்குள் மூன்று படி கீழே இருக்கும். நல்லவேளையாக ஊரிலிருந்து கிளம்பும்போதே அதை முன்பக்கத்தில் இருக்கும் சின்னப் பட்டனுக்குக் கொடுத்து வைத்திருந்தேன். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் விரலால் தடவி அழுத்தினேன். கட்டம் கைக்கு வந்தது. சேறு காய்ந்த நகம், நகத்துக்குப் பக்கத்தில் இறால் முள் கீறிய கோடு, உள்ளங்கையில் ஊறிப்போன வெள்ளைச் சுருக்கம். நாலு படம். திரையில் காட்டினேன். ஒன்றில் முகம் ஓரமாக அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தது. "இது வேணாம்" என்றார், அவர் பார்க்கவே அழித்தேன். மற்ற மூன்றையும் பார்த்துவிட்டு, "என் கை இவ்ளோ கெழவியாவா இருக்கு?" என்று சிரித்தார்.

இதில் ஒரு பொறியாளருக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நமக்கு எச்சிஐ எலெக்டிவில் 'டிஃபால்ட்' என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பயனர் எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் நடப்பது, அவ்வளவுதான் விளக்கம். உண்மையில் டிஃபால்ட் என்பது ஓர் அபிப்பிராயம். மனிதர் என்றால் முகம், முகம் என்றால் கண் என்று எங்கோ ஒரு டிசைன் மீட்டிங்கில் எடுத்த முடிவு. கல்யாண வீட்டுக்கு அது சரியான முடிவு. முகம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உள்ள ஒருத்தர் முன்னால் அதே முடிவு தப்பாகிறது. அப்போது அந்தக் கேமராவின் தரம், அது எவ்வளவு வேகமாகக் கண்ணைக் கண்டுபிடிக்கிறது என்பதில் இல்லை. 'வேண்டாம்' என்று சொன்னால் எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது என்பதில் இருக்கிறது. மெனுவில் மூன்று படி கீழே இருக்கும் சம்மதம், பாதி நேரம் சம்மதமே இல்லை. நான் மெனுவைத் துழாவிக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிஷத்தில் அக்கா எழுந்து போயிருப்பார், இல்லை, 'எப்படியோ எடு' என்று விட்டுக்கொடுத்திருப்பார்.

ஆகவே கேமரா வாங்கப்போகிறவர்களுக்கு என் செக்லிஸ்ட். கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஃபோகஸ் பட்டன் எங்கே என்று கட்டைவிரலுக்குத் தெரிகிறதா? ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக் இருக்கிறதா, இல்லை, திரையைத் தொட வேண்டுமா? ஈரக் கையில் தொடுதிரை கோளாறு பண்ணும். என்னை மாதிரி இடது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு மூக்கு போய்த் திரையைத் தொட்டுப் புள்ளியைத் தள்ளிவிடும். திரையின் ஒரு பகுதி மட்டும் வேலை செய்யும்படி மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். கண் தேடுவதை ஒரே பட்டனில் நிறுத்த முடிகிறதா என்பதைக் கடைசியாகப் பாருங்கள், ஆனால் கட்டாயம் பாருங்கள். இதெல்லாம் ஸ்பெக் ஷீட்டில் வராது. கலங்கல் தண்ணீரில் இறாலைத் தேடும் விரல் மாதிரி, பார்க்காமலே கண்டுபிடிக்க வேண்டியவை.

ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து போவதும், அதைத் திறந்து வைக்கச் சொல்லி மீனவர்கள் கேட்பதும் பல வருஷமாக நடக்கும் கதை. முகத்துவாரம் அடைத்தால் கடல் நீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, அந்த அக்காவின் கைக்கும் வேலை இருக்காது. அடுத்த சீசனில் பூநாரைக்காக நீங்கள் போகும்போது இதையும் கொஞ்சம் விசாரித்துவிட்டு வாருங்கள். யாரையாவது படம் எடுக்கும் முன் கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, என்ன சொல்கிறார்களோ அதைச் செய்யும் அளவுக்கு உங்கள் கேமராவை முந்தின நாளே தயார் பண்ணிவிட்டுப் போங்க.