பத்து மாதங்கள்

வாழ்நாளில் ஒரு சிகரெட்டையேனும் தொட்டறியாதவர் அவர். என்னுடன் பணிபுரிந்த ஒப்புநோக்குநர். முற்றிய சுவாசப்பைப் புற்றுநோய். ('புகைப்பவரா?' என்றே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அக்கேள்வி நோயினும் கொடிது.)

ஜெஃபிடினிப் குளிசை ஓராண்டு காத்தது. பின்னர் கட்டி மீண்டும் வளர்ந்தது. இவ்வாறு மருந்து பயனற்றுப்போவோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் காரணம், இஜிஎஃப்ஆர் மரபணுவில் தோன்றும் டி790எம் என்னும் புதிய பிறழ்வு. அதற்கெனவே ஒசிமெர்டினிப் 2015 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2017 இல் வெளியான ஆய்வில், நோய் பெருகாதிருந்த இடைநிலைக் காலம் இரசாயன சிகிச்சையில் 4.4 மாதங்கள், இக்குளிசையில் 10.1.

ஆயின் பிறழ்வு உண்டா என முதலில் அறிய வேண்டும். மறுபடி ஊசியேற்றித் தசை எடுக்க அவர் இணங்கவில்லை.

"பத்து மாதத்துக்காகவா?"

அது ஆயுட்கணக்கன்று, நோய் அடங்கியிருக்கும் காலம். பாதிப்பேர் அதனையும் கடந்தனர் என்றேன். 'அற்புத மருந்து' என்று முன்னொருநாள் நான் இட்ட தலைப்பைச் சிவப்பு மையால் வெட்டியவர் அவர். இம்முறை பேசாமல் கேட்டிருந்தார்.

"முதலில் இரத்தத்திலேயே பார்க்கலாம். அதில் தென்படாவிட்டால்தான் ஊசி."

நெடுநேரம் கழித்துச் சொன்னார்: "அப்படியென்றால் நாளைக்குக் காலமை நீரும் வாரும்."