மூப்பும் மேடையும்: ‘ஆல் அபௌட் ஈவ்’

ஜோசப் எல். மான்கீவிச் எழுதி இயக்கிய இப்படம் (1950), நியூயார்க்கின் பிராட்வே நாடக உலகில் நாற்பதைத் தொட்டுவிட்ட நட்சத்திர நடிகை மார்கோ சானிங்கையும், ரசிகையாக வந்து பணிவிடை செய்து, ‘அண்டர்ஸ்டடி’யாகி, அதாவது முதன்மை நடிகை வர இயலாத நாளில் அவருடைய வேடத்தை ஏற்கும் மாற்று நடிகையாகி, இறுதியில் அவரது இடத்தையே குறிவைக்கும் ஈவையும் எதிரெதிரே நிறுத்துகிறது. மார்கோவின் மேடையுடையைத் தன் உடல்மேல் வைத்துக் கண்ணாடி முன் ஈவ் தலைவணங்கும் காட்சியிலேயே அந்த வேட்கை வெளிப்பட்டுவிடுகிறது. ஆயினும் படத்தின் உயிர் மார்கோதான். எட்டு வயது இளைய காதலரை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தைச் சீற்றமாகவும் நகைச்சுவையாகவும் மாற்றிக்காட்டும் பெட்டி டேவிஸின் நடிப்பு ஈடிணையற்றது. 14 ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்று, சிறந்த படம் உட்பட ஆறு விருதுகளை வென்ற இப்படத்தில், சிறந்த நடிகைக்கான விருது டேவிஸுக்குக் கிட்டாமற்போனது பெரும் அநீதியே.