புளியங்கொட்டை போக்கர்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர், "சார், நீங்க போக்கர் ஆடுறீங்களாமே?" என்று காதோரமாகக் கேட்டார். எனக்கு ரசம் புரையேறிவிட்டது. ஐந்தாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்ற வாத்தியாரைப் பற்றி இப்படி ஒரு செய்தி. யார் கிளப்பியது என்று தெரியும் (தங்கச்சி, உன்னைத்தான் சொல்கிறேன்). ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிவதைவிட நானே எழுதிவிடுகிறேன். தங்கை மகனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்க மாமா" என்றான்.

2024-ல் ஒரு நாள் ராத்திரி அவன் வீட்டுக்கு வந்தான். அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலி அடகுக்கடையில் இருப்பது அதற்கு முந்தின வாரம்தான் எங்களுக்குத் தெரியவந்திருந்தது. திட்டுவதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்னான்: "மாமா, நான் கணக்குப் போட்டுத்தான் ஆடுறேன். கணக்கு சரியாத்தான் இருக்கு. பணம் எங்க போகுதுன்னுதான் தெரியல." கணக்கு என்று சொல்லிவிட்டான். "சரி, முதல்ல இருந்து விளக்கு" என்றேன். வீட்டில் சிப்பு ஏது? புளியங்கொட்டை டப்பாவை எடுத்து வைத்தேன். என்னிடம் கூட்டல் கழித்தல் படித்தவர்களுக்கு அந்த டப்பா நினைவிருக்கும்.

அவன் ஆடியது 45 பேர் சேரும் சின்ன டோர்னமென்ட். ஐந்து மேசை, மேசைக்கு 9 பேர். ஆள் குறையக் குறைய மேசைகளைச் சேர்த்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரே மேசை. நுழைவு 110 ரூபாய். அதில் 100 பரிசுக்கு, 10 நடத்துபவருக்கு. பரிசுத்தொகை 4,500. முதல் 7 பேருக்கு மட்டும் பரிசு: முதல் ஆளுக்கு 1,350, ஏழாவது ஆளுக்கு 225. எல்லோருக்கும் ஆரம்பத்தில் 1,500 சிப்பு. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பிளைண்ட். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது ஏறிக்கொண்டே போகும்.

இந்த ஏற்றம்தான் விஷயம். பிளைண்ட் 10-20 ஆக இருக்கும்போது 1,500 சிப்பு பெரிய சொத்து. அப்போது வீரம் காட்டிச் சம்பாதிப்பது 30 சிப்பு. அதனால் நல்ல சீட்டு வரும் வரை சும்மா இருப்பதே சரி. கையில் ஜோடி விழுவது 17 தடவையில் ஒரு தடவைதான், ஜோடி ஏஸ் என்றால் 221-க்கு ஒன்று. ஆக, சும்மா இருக்கும் நேரம் நிறைய. பிளைண்ட் 100-200 ஆனதும் அதே 1,500 வைத்திருப்பவர் ஏழை. மேசை ஒரு சுற்று வந்தால் 300 போய்விடும். ஐந்து சுற்றில் காலி. இந்தக் கட்டத்தில் ஒன்று சீட்டைக் கீழே வை, இல்லையென்றால் இருப்பது அனைத்தையும் நீயே முதலில் வை என்றான். அடுத்தவன் வைத்த பிறகு ஒத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாதா என்று கேட்டேன். "நாம முதல்ல வெச்சா ரெண்டு வழியில ஜெயிக்கலாம் மாமா. எல்லாரும் பயந்து வெச்சுடலாம், இல்ல நம்ம சீட்டு ஜெயிக்கலாம். பின்னாடி போனா ஒரே வழிதான்." எனக்கு அது பிடித்திருந்தது. பையன் மக்கு இல்லை.

பிறகு நான் ஒரு கணக்குப் போட்டேன். 45 பேருடைய சிப்பையும் ஒருவன் வாரிக்கொண்டால் அவன் குவியல் 45 மடங்கு. பரிசோ 1,350, அதாவது தன் நூறு ரூபாய்க்கு 13½ மடங்கு. அப்படியென்றால் புதிதாகச் சேரும் சிப்பைவிடக் கையிலிருந்து போகும் சிப்புக்கு விலை அதிகம். பரிசு வாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் இது இன்னும் கூர்மையாகும்.

அவன் சொன்ன ஓர் ஆட்டத்தை அப்படியே கொட்டைகளால் அடுக்கிப் பார்த்தோம். எட்டுப் பேர் மிச்சம், ஏழு பேருக்குப் பரிசு. இவனிடம் 8,000. ஒருவனிடம் வெறும் 300, அடுத்த பிளைண்டுக்கே பற்றாது. இவனைவிடப் பெரிய குவியல் உள்ளவன் எல்லாவற்றையும் வைக்கிறான். இவன் கையில் ஏஸும் பத்தும். ஒத்துக்கொண்டான். அந்த ஆள் காட்டியது ஜோடி ஒன்பது. பாதிக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு. போயிற்று. எட்டாவது இடம், பரிசு இல்லை. அந்த 300-காரர் சும்மா உட்கார்ந்தே 225 வாங்கிப் போனார். "நீ ஏன்டா சீட்டை வைக்கல?" என்றேன். "ஏஸ் வந்திருக்கே மாமா" என்றான். இரண்டு மணி நேரம் காத்திருந்தவனுக்கு ஏஸைக் கண்டதும் கை அரித்திருக்கிறது. இதற்கு எந்த வாய்ப்பாடும் கிடையாது.

அவனிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. ஒவ்வொரு டோர்னமென்டும் தேதி வாரியாக நீல மையில். 160 ஆட்டம், கட்டியது 17,600, திரும்பி வந்தது 16,900. நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். நஷ்டம் 700 ரூபாய்தான்! சராசரி ஆளுக்கு 16,000 தான் திரும்பியிருக்கும். இவன் சராசரிக்கு மேல். நடத்துபவர் எடுக்கும் பத்து ரூபாயைத் தாண்டும் அளவுக்கு மட்டும் மேல் இல்லை. எழுநூறு ரூபாய்க்கு யாரும் சங்கிலியை அடகு வைப்பதில்லை. "பேங்க் ஸ்டேட்மென்ட் எடு" என்றேன். வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு செல்போனைத் திறந்து என் பக்கம் தள்ளினான்.

அதில் இருந்தது 94,000. எல்லாம் இரவு பதினொன்றரைக்கு மேல். டோர்னமென்டில் தோற்றால் 110-ஓடு கதவு சாத்திவிடும், மேலும் பணம் போட முடியாது. தோற்ற கோபத்தோடு அவன் போனது வேறு மேசைக்கு. அங்கே சிப்பு என்றால் நேரடியாகப் பணம், தீர்ந்தால் உடனே மறுபடி வாங்கலாம். எட்டாவதாக வந்த இரவு மட்டும் 6,500. பிளைண்ட், ஜோடி, குவியல் என்று அவன் படித்த எதுவும் அந்த நேரத்தில் அவன் கூட இல்லை. அதை நோட்டில் எழுதவே இல்லை. "அது ஆட்டம் இல்ல மாமா, அதான் எழுதல" என்றான்.

சுமாராக ஆடுகிறவன் ஆறு ஆட்டத்தில் ஒன்றில் பரிசு பெறுவான் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து பத்து ஆட்டம் வெறுங்கையோடு வருவதற்கும் ஏறத்தாழ ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. அதாவது அது சாதாரணம். இதை அவனைக் கொண்டே பெருக்கிப் பார்க்க வைத்தேன். பத்துத் தோல்வி வந்தால் தன்னை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தானாம். 2003-ல் அமெரிக்காவில் கிறிஸ் மணிமேக்கர் என்கிற கணக்கர் நூறு டாலருக்கும் குறைந்த ஆன்லைன் போட்டி வழியாக லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்த கதையை எனக்குச் சொன்னான். உண்மைதான். அந்தப் போட்டியில் 839 பேர். மற்ற 838 பேரை இவனுக்குத் தெரியுமா?

சட்டம் பற்றியும் சிலர் கேட்பீர்கள். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025-ல் தமிழக அரசு, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று விதி போட்டது. எந்த நேரத்தில் வீடு கவிழ்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதே ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கே நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆகவே எந்த ஆப் என்று கேட்டு எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம்.

சங்கிலியை இந்தத் தை மாதம் மீட்டோம். பாதி அவன் சம்பளத்தில், பாதி என் பென்ஷனில். என் பங்கை மாதம் இரண்டாயிரமாகத் திருப்பித் தருகிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவனும் நானும் பேத்திகளும் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். கல்யாண வீட்டுச் செய்தி அந்த அளவுக்கு உண்மை. போன ஞாயிறு சின்னப் பேத்தி எல்லாக் கொட்டையையும் தள்ளினாள். அவன் கையில் ஏஸ் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான். அவளிடம் என்ன இருந்தது என்று அவள் இன்னும் காட்டவில்லை.