பின்வரிசையின் குரல்

சபையைக் கூட்டுவது எளிது. கூடியவர்களைப் பேசச் செய்வதே அரிது. 1993-ஆம் வருஷம் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினரே. குடியரசு தினம், காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் தமிழ்நாட்டில் அச்சபை கூடுகிறது.

சென்ற முறை நமது ஊர்ச் சபையில் குறிப்பெழுத உதவும் பணி நம்மிடம் வந்தது. முன்வரிசையில் நால்வர் சாலை வேண்டுமென்றனர். உடனே எல்லோரும் கை தூக்கினர். முதல் பெஞ்சுப் பிள்ளை விடை சொன்னால் வகுப்பு முழுவதும் தலையசைப்பதை இருபது வருஷமாகக் கண்டவர் நாம். ஆகவே ஜனங்களைத் தெருவாரியாக உட்காரச் செய்து, "உங்களுக்கு முதலில் வேண்டியது எது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டோம்.

பின்வரிசைப் பெண்மணிகள் சொன்னது குடிநீர்! கீழத்தெருக் குழாயில் விடியற்காலை அரைமணி நேரமே தண்ணீர் வருகிறதாம். அதையும் தீர்மானத்தில் சேர்த்து, உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கப்பட்டது.

மௌனத்தைச் சம்மதமென்று எழுதிவிடுவது சுலபம், வாசகர்களே! ஆனால் அரைமணித் தண்ணீர் அந்த மௌனத்திற்குள் அல்லவா மறைந்திருந்தது?

குழாய் நேரம் இன்னும் நீளவில்லை. அடுத்த சபையில் முன்வரிசை தங்களுடையதென்று அப்பெண்மணிகள் இப்பொழுதே சொல்லிவிட்டார்கள்.