மூன்று முறை வந்த பில்

பி.காம் படிக்கிறவனுக்கு ஜாவாவில் என்ன வேலை என்று வகுப்பில் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். லீவில் அப்பாவின் நண்பருடைய மொத்தக் கடைக்குக் கணக்கு உதவிக்குப் போனேன். பழைய வாட் வழக்கு ஒன்றுக்காக, 2012-13ல் 14.5 சதவீத வரிச் சரக்கு இருந்த பில்களின் மொத்தம் ஆடிட்டருக்கு வேண்டும். ஜிஎஸ்டி வந்த 2017க்குப் பிறகு யாரும் தொடாத ஒரு ஜாவா மென்பொருளில் அந்த பில்கள் கிடந்தன.

ரிப்போர்ட் மொத்தத்தை மட்டும்தான் காட்டும். நம்பாமல் ஒரு மாதத்து பில் நகல்களைக் கையால் கூட்டினேன். ரிப்போர்ட்டில் 36,840 ரூபாய் அதிகம்.

இருப்பாய்வு ஒட்டாவிட்டால் என்ன செய்வோம்? வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா பார்ப்போம், எண் இடம் மாறியிருக்கலாம். வகுபடவில்லை. அடுத்து பாதியாக்கு, பற்று வரவு மாறியிருக்கலாம். பாதி 18,420. அதே தொகைக்கு ஒரு பில் இருந்தது! துள்ளிக் குதித்தேன். ஆனால் அது சரியான பக்கத்தில்தான் இருந்தது.

சரி, நிரலையே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அது ஈஜேபி 2.0 காலத்துச் சரக்கு. என்டிட்டி பீன் என்றால் டேபிளில் இருக்கும் ஒரு வரிக்கு ஜாவாவில் ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்களைத் தேடிப் பிடிப்பது ஃபைண்டர் மெத்தட். ஹோம் இன்டர்ஃபேஸில் 'ஃபைண்ட்பைடாக்ஸ்கோட்' என்று பெயர் இருந்தது, உடல் இல்லை. பீன் கிளாஸிலும் இல்லை. ஒரு நாள் முழுக்கத் தேடினேன். (சிரிக்காதீர்கள்.) வேலை தெரிந்த ஓர் அண்ணன் போனில் சொன்னார்: "தம்பி, அது சிஎம்பி. உடலை கன்டெய்னர் எழுதிக்கும். கேள்வி மட்டும் ஈஜேபி-ஜார் எக்ஸ்எம்எல்ல இருக்கும்."

இருந்தது. செலக்ட் ஆப்ஜெக்ட்(பி) ஃப்ரம் பில் பி, இன்(பி.ஐட்டம்ஸ்) ஐ வேர் ஐ.டாக்ஸ்கோட் = ?1. படித்தால் நியாயமாகத்தான் தெரிந்தது.

சர்வர் லாகில் எஸ்க்யூஎல் தெரியும்படி வைக்கச் சொன்னார் அண்ணன். கன்டெய்னர் உண்டாக்கிய வரியை எடுத்து நேரே டேட்டாபேஸில் ஓட்டினேன். என் 18,420 ரூபாய் பில் மூன்று முறை வந்தது. அதில் அந்த வரிச் சரக்கு மூன்று வரிகளில் இருந்தது, மற்ற பில்களில் ஒவ்வொரு வரிதான். பில்லை ஐட்டங்களோடு சேர்த்துத் தேடியதால் பொருந்தும் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு முறை அதே பில். ஃபைண்டர் திருப்பித் தருவது கலெக்‌ஷன், அதில் ஒரே ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். அதிகமாக வந்தது இரண்டு முறை என்பதால்தான் பாதியாக்கும் விதி தற்செயலாகச் சரியான பில்லைக் காட்டியிருக்கிறது. கணக்காசிரியர் இதற்கு மார்க் போட மாட்டார்.

செலக்ட்டுக்குப் பக்கத்தில் டிஸ்டின்க்ட் சேர்த்தால் போதும். நான் அதிகப்பிரசங்கித்தனமாகப் புதிய ஃபைண்டரே எழுதி, மெத்தட்-பாராமில் வெறும் 'ஸ்ட்ரிங்' என்று போட்டேன். டிப்ளாய் ஆகவில்லை. 'ஜாவா.லாங்.ஸ்ட்ரிங்' என்று முழுப் பெயர் வேண்டுமாம். பிறகு வரிக் குறியீட்டைத் தப்பாக அடித்தேன். பிழையே வரவில்லை, காலிக் கலெக்‌ஷன் வந்தது, மொத்தம் பூஜ்யம். ஒரே ஆளைத் தேடும் ஃபைண்டராக இருந்தால் கிடைக்கவில்லை என்று எக்ஸெப்ஷனாவது போட்டிருக்கும். பலரைத் தேடுவது இப்படி வாயே திறக்காது. எனக்கு இதுதான் அதிக பயம்.

கடைசியில் பழையதிலேயே டிஸ்டின்க்ட் சேர்த்தேன். பைசா சுத்தமாக ஒட்டியது. மற்ற ஃபைண்டர்களையும் பார்த்தேன். இரண்டில் இதே இன் இருக்கிறது, டிஸ்டின்க்ட் இல்லை. அதில் ஒன்றை வைத்து எடுத்த 2013-14 பட்டியல் போன வாரமே ஆடிட்டரிடம் போய்விட்டது. காலையில் அவருக்குப் போன் செய்ய வேண்டும். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.